நிம்பிள் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளையும் வேரையும் தேடிக் காண்பது எப்படி

விரைவையும் துடிப்பையும் குறிக்க ஆங்கிலத்தில் பெயரடைகளுக்குப் பஞ்சமில்லை. அஜைல் (agile), நிம்பிள் (nimble), ஸ்ப்ரை (spry), லைத் (lithe), டெஃப்ட் (deft), லிம்பர் (limber) என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் கையடக்க ஆங்கில–தமிழ் அகராதி ஒன்றைப் புரட்டினால், இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ‘சுறுசுறுப்பான’ என்ற ஒரே விடைதான் கிடைக்கும். ஆறு சொற்களுக்கும் ஒரே பொருள் என்றால் ஆங்கிலேயர்கள் ஆறையும் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி மொழிபெயர்ப்பில் ஈடுபடுகிறவருக்கும் ஆங்கிலம் கற்பிக்கிறவருக்கும் இயல்பாகவே எழும். அதற்கு விடை காணும் வழியை, நிம்பிள் என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே செய்து காட்டுகிறேன். இந்தச் சொல்லில் தேர்ச்சி வந்துவிட்டால் மற்றவற்றை நீங்களே தேடிக்கொள்ளலாம்.

இன்றைய பொருளிலிருந்து தொடங்குங்கள்

சொல்லின் வேரைத் தேடுகிறவர்கள் பலரும் நேராகப் பழங்காலத்துக்குப் போய்விடுகிறார்கள். அது தலைகீழான வழி. இன்று அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பது கையில் தெளிவாக இல்லையென்றால், பழைய பொருளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. ஆகவே முதல் வேலை, நிம்பிள் வரும் வாக்கியங்களைச் செய்தித்தாள்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் அகராதிகளின் எடுத்துக்காட்டுகளிலிருந்தும் திரட்டுவது. திரட்டிய பிறகு, அந்தச் சொல் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிறது என்பதை மட்டும் தனியே எழுதி வையுங்கள்.

அப்படி எழுதினால் ஒரு வடிவம் தெரியவரும். விரல்கள், கால்கள், மனம், அறிவு, ஆடு, பூனை, அணில், சிறு படகு, நடனக்காரர், பந்தைக் காலால் கடத்திச் செல்லும் ஆட்டக்காரர், சிறிய நிறுவனம் ஆகியவை அடிக்கடி வரும். ரயில், ராக்கெட், துப்பாக்கிக் குண்டு, நெடுஞ்சாலையில் விரையும் லாரி ஆகியவை வருவதில்லை. வேகம் மட்டுமே பொருளாக இருந்தால் ராக்கெட்டைவிடப் பொருத்தமானது வேறு இருக்க முடியாது. அது வராமல் அணில் வருகிறது என்பதிலிருந்தே, இந்தச் சொல் குறிப்பது நேர்கோட்டு வேகத்தை அன்று என்று முடிவு செய்யலாம். எடை குறைவாக இருப்பதும், திசையை நொடியில் மாற்றிக்கொள்வதும், தேவையான இடத்தில் பிசகாமல் போய் நிற்பதும் சேர்ந்த விரைவுதான் நிம்பிள். நீலகிரியின் செங்குத்தான பாறையில் குளம்பு வைக்க இரண்டு விரல்கடை இடம் கிடைத்தால் போதும் என்று தாவி நிற்கும் வரையாட்டை விவரிக்க ஆங்கிலத்தில் தயங்காமல் இந்தச் சொல்லைப் போடலாம்.

இந்த இடத்தில் ‘சுறுசுறுப்பு’ ஏன் சறுக்குகிறது என்பதும் விளங்கும். விடியற்காலையில் எழுந்து, வாசல் தெளித்து, சமைத்து, வேலைக்குப் போய், மாலையில் திரும்பி வந்தும் ஓயாமல் இயங்கும் ஒருவரை நாம் சுறுசுறுப்பானவர் என்கிறோம். அவர் சோம்பலில்லாதவர், உழைப்பாளி. அவருடைய அசைவுகள் லாவகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சொல்லில் இல்லை. நிம்பிளில் உழைப்பைப் பற்றிய பேச்சே கிடையாது. நாள் முழுதும் வெயிலில் படுத்துக் கிடக்கும் பூனைகூட நிம்பிள்தான், எலி தென்படும் அந்த ஒரு கணத்துக்காக.

அகராதியின் பிறப்புக் குறிப்பைப் படிக்கும் முறை

அடுத்தபடியாக ஒரு வரலாற்று அகராதியை நாட வேண்டும். ஆங்கிலத்துக்கு இதில் முதன்மையானது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884-இல் முதல் பகுதி வெளிவந்து 1928-இல் நிறைவுற்ற அந்த அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த மேற்கோள்களைக் கால வரிசைப்படி அடுக்கித் தருகிறது. அதன் முழு வடிவத்துக்குக் கட்டணம் உண்டு. பெரிய நூலகங்களில் பார்க்க வாய்ப்பு இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கட்டணமின்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்துவரும் இணையச் சொற்பிறப்பியல் அகராதி போதுமானது. மேற்கோள் எதுவும் இல்லாமல், ஒரு சொல்லின் பிறப்பை ஒரே வரியில் அடித்துச் சொல்லும் சமூக ஊடகப் பதிவுகளை இந்த வேலையின் பக்கமே விடக் கூடாது.

பிறப்புக் குறிப்பில் சில குறிகள் வரும். இடப்புறம் கூர்முனை உள்ள குறி (<) ‘இதிலிருந்து வந்தது’ என்று பொருள்படும். ‘ஒப்பிடுக’ என்று பொருள்படும் cf. என்ற சுருக்கம், அடுத்து வரும் சொல் தாய் அன்று, உடன்பிறப்பு அல்லது பங்காளி என்பதைக் காட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘இந்த ஆங்கிலச் சொல் ஜெர்மனிலிருந்து வந்தது’ என்ற தவறான கூற்றுகள் பெருகுகின்றன. ஒரு வடிவத்துக்கு முன்னால் உடுக்குறி (*) இருந்தால், அது எந்த ஏட்டிலும் எழுதப்பட்டுக் கிடைத்ததன்று, பிற்காலச் சொற்களை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டமைத்தது என்று அறிய வேண்டும்.

நிம்பிளின் குறிப்பை இந்த முறையில் படித்தால், படிகள் இவ்வாறு இறங்குகின்றன. இன்றைய வடிவத்துக்கு முன்பு, இடைக்கால ஆங்கிலத்தில் நெமெல், நிமெல் என்ற வடிவங்கள் இருந்தன. அவற்றுக்கும் முன்பு, ஏறத்தாழ 1150-க்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில், நேமெல், நுமொல் என்ற இரு பெயரடைகள் இருந்தன. முன்னதற்கு ‘விரைவில் பற்றிக்கொள்கிற’ என்றும், பின்னதற்கு ‘நிறையக் கொள்கிற’, ‘பிடித்து வைத்துக்கொள்கிற’ என்றும் பொருள் கூறப்படுகிறது. இரண்டுக்கும் அடியில் நிற்பது ‘நிமன்’ என்ற வினைச்சொல். எடு, கொள், பற்று என்பவை அதன் பொருள்கள். ஆகவே நிம்பிளின் பிறப்பில் காலோ ஓட்டமோ இல்லை. ஒரு பொருளைச் சட்டென எடுத்துக்கொள்ளும் கைதான் இருக்கிறது. சொல்வதைச் சட்டென ஏற்கும் அறிவும் அதே சொல்லுக்குள் தொடக்கத்திலேயே இடம்பிடித்துவிட்டது.

நடுவில் முளைத்த எழுத்தைச் சோதியுங்கள்

நெமெல் என்பதில் இல்லாத பகர ஒலி நிம்பிளில் எப்படி வந்தது? பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் இடையே ஓர் எழுத்து கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ, அதற்கு விளக்கம் கிடைக்காமல் மேலே நகரக் கூடாது. சொற்பிறப்பு ஆராய்ச்சியையும் ஊகத்தையும் பிரிக்கும் வேலி இதுதான்.

விளக்கத்தை உங்கள் வாயிலேயே சோதித்துப் பார்க்கலாம். ‘நிம்ல்’ என்று இடையில் உயிரெழுத்து இல்லாமல் பலமுறை வேகமாகச் சொல்லுங்கள். மகரத்துக்கு உதடுகள் மூடியிருக்கும், காற்று மூக்கு வழியே போகும். லகரத்துக்கு உதடுகள் திறக்க வேண்டும், மூக்கு வழி அடைபட வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. மூக்கு வழி சற்று முந்தி அடைபட்டுவிட்டால், உதடுகள் திறக்கும்போது ஒரு மெல்லிய பகரம் தானாகவே வெடித்து வெளிவரும். 1500-ஆம் ஆண்டை ஒட்டி இந்த ஒலி எழுத்திலும் இடம்பெற்றது. தையல்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் உறையைக் குறிக்கும் திம்பிள் என்ற சொல்லிலும் இப்படியே பகரம் புகுந்தது. இடியைக் குறிக்கும் தண்டர் என்ற சொல்லில், பழைய ‘துனொர்’ வடிவத்தின் னகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவில் டகரம் நுழைந்ததும், வெறுமையைக் குறிக்கும் எம்ப்டி என்ற சொல்லில் பகரம் நுழைந்ததும் இதே வகை. தனித்த ஒரு சொல்லில் மட்டும் நடந்ததாகச் சொல்லப்படும் ஒலிமாற்றத்தை நம்பாதீர்கள். பல சொற்களில் ஒரே சூழலில் நடந்திருந்தால் நம்பலாம்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு சிறு வசதி உண்டு. அம்பு, கம்பு, தும்பி என்று மகரத்தை அடுத்துவரும் பகரத்தை நாம் மென்மையாகவே ஒலிக்கிறோம். எனவே ‘நிம்பிள்’ என்று தமிழில் எழுதிப் படித்தாலே ஆங்கில ஒலி பெரும்பாலும் சரியாக வந்துவிடுகிறது.

வினையின் தலையெழுத்தைப் பின்தொடருங்கள்

இந்தச் சொல்லின் சுவையான பகுதி இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நின்று போவது தகும். எடுத்தல் என்ற பொருளுக்கு இன்றைய ஆங்கிலத்தில் டேக் என்ற வினை இருக்கிறது. அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் ‘டாக்கா’ என்ற வினை, பழைய ஆங்கிலக் காலத்தின் இறுதியில் உள்ளே வந்து, அடுத்த சில நூற்றாண்டுகளில் நிமனை மெல்ல ஒதுக்கிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்துகொண்டது. ஜெர்மனில் ‘நேமன்’, டச்சில் ‘நேமெ’ என்று அதே வினை இன்றும் அன்றாடப் பேச்சில் நடமாடுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் அது வீடிழந்தது.

ஒரு வினை வழக்கொழிந்தால் அதன் பிள்ளைகள் எங்கெங்கே ஒதுங்கினார்கள் என்று தேடுவது பயன் தரும். நிமனின் மிச்சமாகிய ‘நிம்’ என்ற வினை, திருடுதல் என்ற கொச்சைப் பொருளில் 19-ஆம் நூற்றாண்டு வரையிலும் பேச்சில் உயிரோடிருந்தது. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் வரும் கைநீளமான படைவீரனுக்கு நிம் என்ற பெயர் பொருந்தி வருவது இதனால்தான். அன்றைய பார்வையாளருக்குப் பெயரைக் கேட்டதுமே ஆளின் தொழில் விளங்கியிருக்கும். குவியல்களிலிருந்து மாறிமாறிப் பொருள்களை எடுக்கும் நிம் என்ற விளையாட்டை, 1901-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பூட்டன் கணிதமுறையில் ஆராய்ந்து அந்தப் பெயரை வைத்தார். ‘எடு’ என்று ஏவும் ஜெர்மன் வடிவத்திலிருந்தோ, இந்தப் பழைய ஆங்கில வினையிலிருந்தோ அப்பெயர் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

இன்னொரு பிள்ளை எதிர்பாராதது. கை கால் மரத்துப்போனதைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை ‘நம்’ (numb) என்று ஒலிக்கும். எழுதும்போது இறுதியில் ஒரு பகரம் இருந்தாலும் அதை யாரும் உச்சரிப்பதில்லை. இது நிமனின் இறந்தகால எச்சமாகிய ‘நோமெ’ என்பதிலிருந்து வந்தது. ‘எடுத்துக்கொள்ளப்பட்ட’, அதாவது குளிராலோ வாதத்தாலோ பிடிக்கப்பட்ட என்பது அதன் முதற்பொருள். வாதம் பிடித்தது, பேய் பிடித்தது என்று நாமும் அப்படித்தான் சொல்கிறோம். ஆக, துள்ளும் விரலைக் குறிக்கும் சொல்லும் உணர்விழந்த விரலைக் குறிக்கும் சொல்லும் ஒரே வினையின் வயிற்றில் பிறந்தவை. பிடிக்கிற கை ஒன்றானது, பிடிபட்ட கை மற்றொன்றானது. நிம்பிளின் பகரம் வாயில் தானாக விளைந்தது. மற்றதன் பகரமோ தாளில் மட்டும் ஒட்டவைக்கப்பட்டது. அவயவம் (limb), சீப்பு (comb) ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துமுறையைப் பார்த்து 17-ஆம் நூற்றாண்டில் அது சேர்க்கப்பட்டது.

எடுத்தல் என்ற ஒரு வினை அறிவுக்கும் கொள்திறனுக்கும் திருட்டுக்கும் எப்படிப் பொருள் தர முடியும் என்று வியப்பவர்கள், நம்முடைய ‘கொள்’ என்ற வினையை எண்ணிப் பார்க்க வேண்டும். புரிந்துகொள்கிறோம் என்பதில் அது அறிவு. குடத்தின் கொள்ளளவு என்பதில் அது இடம். கொள்ளை என்பதில் அது திருட்டு. பழைய ஆங்கிலத்தின் நேமெல் முதலாவதையும், நுமொல் இரண்டாவதையும், பிற்கால நிம் மூன்றாவதையும் அப்படியே ஒத்திருக்கின்றன. ஜெர்மனில் நேமனிலிருந்து கேட்டறிதலைக் குறிக்கும் ‘ஃபெர்நேமன்’ பிறந்து, அதிலிருந்து பகுத்தறிவைக் குறிக்கும் ‘ஃபெர்நுன்ஃப்ட்’ பிறந்தது. இரண்டு மொழிகளும் உறவினர் என்று இதற்குப் பொருளன்று. கையில் எடுப்பதைக் கொண்டு மனத்தில் எடுப்பதைச் சொல்வது மனித மொழிகளில் திரும்பத் திரும்ப நிகழும் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் ஒரு பொருள் மாற்றம் நடந்திருக்கக் கூடியதா என்று ஐயம் வரும்போது, நம் மொழியில் அதே பாதை இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல உரைகல்.

விகுதியையும் விட்டுவிடாதீர்கள்

வேரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் சொல்லின் வாலை மறப்பது வழக்கம். நுமொல் என்பதில் வரும் ‘ஒல்’ பழைய ஆங்கிலத்தின் ஒரு விகுதி. வினையோடு சேர்ந்து, அந்தச் செயலில் நாட்டமுடைய என்ற பொருளைத் தரும். பேசுதல் என்ற வினையோடு சேர்ந்த ‘ஸ்ப்ரெகொல்’ வாயாடி, உண்ணுதல் என்ற வினையோடு சேர்ந்த ‘எட்டொல்’ தின்னி. தமிழில் தின் என்பது தின்னி ஆவதும், ஊர் சுற்றுகிறவர் ஊர்சுற்றி ஆவதும் ஏறத்தாழ இதே வேலைதான். நிலையில்லாத மனத்தைக் குறிக்கும் ஃபிக்கிள் என்ற இன்றைய சொல்லும், வஞ்சகமான என்று பொருள்பட்ட ‘ஃபிக்கொல்’ என்பதிலிருந்து இதே விகுதியோடு வந்தது.

இங்கே அஜைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அழகான ஒற்றுமை ஒன்று தெரியும். செலுத்து, செய் என்று பொருள்படும் ‘அகெரெ’ என்ற லத்தீன் வினையிலிருந்து, அச்செயலில் எளிதில் ஈடுபடுகிற என்ற பொருளில் ‘அகிலிஸ்’ உருவாகி, பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இரு சொற்களும் வினையோடு விகுதி சேர்ந்து அமைந்தவை. ஒன்று எடுப்பதிலிருந்து, மற்றது இயங்குவதிலிருந்து. நிம்பிள் வீட்டுச் சொல், அஜைல் படித்த சொல். இந்த வேறுபாடு இன்றைய வழக்கிலும் தங்கியிருக்கிறது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் தங்கள் அறிக்கைக்குப் பெயர் தேடியபோது அஜைலைத்தான் எடுத்தார்கள். அதன்பின் அது கணினித் துறையின் கலைச்சொல்லாக இறுகிவிட்டது. நிம்பிள் இன்னும் பொதுச்சொல்லாகவே இருக்கிறது. எனவே மென்பொருள் பற்றிய கட்டுரையில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடாதீர்கள்.

எழுத்துக்கு அப்பால் போகும்போது வேகத்தைக் குறையுங்கள்

நிமனுக்கும் அப்பால் போனால், ஆங்கிலம், கிரேக்கம், லத்தீன், வடமொழி முதலியவற்றுக்குப் பொது மூலமாகக் கொள்ளப்படும் இந்தோ-ஐரோப்பிய மொழியின், உடுக்குறி இட்ட ‘நெம்’ என்ற வேர் வரும். பங்கிடு, எடு என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். பங்கிடுதலைக் குறிக்கும் கிரேக்க ‘நெமெய்ன்’ என்ற வினையையும், சட்டத்தைக் குறிக்கும் ‘நோமோஸ்’ என்ற பெயரையும் அகராதிகள் இந்த வேரோடு இணைக்கின்றன. அந்த வழியில் பார்த்தால் எகானமி, அஸ்ட்ரானமி ஆகிய சொற்களின் வாலும் நிம்பிளுக்குத் தூரத்து உறவு. இது சுவையான செய்தி. ஆனால் இதைக் கொண்டு நிம்பிளின் பொருளை விளக்க முயன்றால் வழிதவறிவிடுவோம். நிமன் வரைக்கும் நம் காலடியில் ஏடுகள் இருக்கின்றன. அதற்குப் பின்னால் இருப்பது ஒப்பீட்டால் கட்டிய பாலம்.

ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு கொண்டாடும் சொற்களையும் இந்தக் கட்டத்தில் விலக்கிவிட வேண்டும். மழைமேகத்தைக் குறிக்கும் நிம்பஸ் லத்தீனிலிருந்து வந்தது, நிம்பிளோடு தொடர்பற்றது. தமிழின் ‘நிமிர்’ என்ற வினையிலிருந்து நிம்பிள் வந்ததாக யாராவது சொன்னால், மூன்று கேள்விகள் கேட்டால் போதும். சொல்லின் மிகப் பழைய வடிவம் எது? ஒலிமாற்றம் வேறு எந்தச் சொற்களில் நடந்திருக்கிறது? எந்தக் காலத்தில், யார் வழியாக அது பயணம் செய்தது? நெமெல் என்ற பழைய வடிவம் ஆங்கிலத்தின் சொந்த வினையாகிய நிமனிலிருந்தே பிறந்தது என்பதும், அது வழங்கிய காலத்து இங்கிலாந்துக்குத் தமிழோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதும் அந்த ஊகத்தை முடித்துவைக்கும். இதே மூன்று கேள்விகளையும் கேட்டமரான் (catamaran) என்ற ஆங்கிலச் சொல்லிடம் கேளுங்கள். கட்டுமரம் என்ற வடிவம் தெளிவு, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைப் பற்றி ஆங்கிலேயர் எழுதிய பயணக் குறிப்பில் அது பதிவாகியிருப்பது தெளிவு, கப்பலில் வந்தவர்கள் வழியாகப் போனது என்பதும் தெளிவு. உண்மையான தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும்போது இல்லாதவற்றுக்குச் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை.

பழம்பொருளை இன்றைய பொருளின் மேல் சுமத்தாதீர்கள்

எடுப்பது என்ற வேர் தெரிந்தபின், நிம்பிள் என்றாலே பற்றிக்கொள்வது என்று வாதிடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். வேர் ஒரு சொல் எங்கிருந்து கிளம்பியது என்பதைச் சொல்லும், இப்போது எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. ஆனாலும் விரலும் அறிவும் இந்தச் சொல்லோடு ஏன் இவ்வளவு இயல்பாகச் சேர்கின்றன என்பதை வேர் விளக்குகிறது. அந்த அளவுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

சொற்சேர்க்கைகளுக்கும் தனி வரலாறு உண்டு. ‘நிம்பிள் ஃபிங்கர்ஸ்’ என்ற தொடர் பாராட்டாகத்தான் ஒலிக்கும். ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் அது ஒரு வணிக வாதமாகவும் பயன்பட்டது. தென்கிழக்கு ஆசியாவின் மின்னணு ஆலைகளில் இளம்பெண்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தியபோது, அவர்களுடைய விரல்கள் இயல்பிலேயே நுட்பமானவை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். டயேன் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் எழுதிய கட்டுரை இந்தத் தொடரையே தலைப்பில் வைத்து அந்த வாதத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. வீட்டில் சிறு வயதிலிருந்தே தையல் முதலிய வேலைகளில் பெற்ற பயிற்சியை இயற்கைக் குணம் என்று பெயரிட்டால், அதற்குத் திறனுக்குரிய கூலி கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? வட இந்தியாவின் கம்பளத் தறிகளிலும், சிவகாசி வட்டாரத்தில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் வேலையிலும் குழந்தைகளை வைத்திருந்தவர்கள் இதே சிறுவிரல் வாதத்தைச் சொன்னார்கள். 1990-களில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இந்தியக் கம்பளத் தொழிலை ஆராய்ந்தபோது, அந்த வாதத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நுட்பமான முடிச்சுகளைப் பெரியவர்களும் நன்றாகவே போட்டார்கள். ஆகவே தொழிலாளர் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் இந்தத் தொடரைக் கண்டால், எழுதியவர் புகழ்கிறாரா, குத்திக்காட்டுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

தமிழில் சொல்லும்போது

ஒரே நிகர்ச்சொல்லைத் தேடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். விரலுக்கும் கைக்கும் லாவகம் பெரும்பாலும் பொருந்தும். பூத்தொடுப்பவரின் கையைப் பற்றிய வாக்கியத்தில் ‘விரல்கள் லாவகமாக ஓடின’ என்றால் வேகமும் நயமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. லாவகம் வடமொழியின் லாகவத்திலிருந்து வந்தது. அதன் அடியில் இருக்கும் லகு என்பதற்கு இலேசான என்று பொருள். எடை குறைவைக் குறிக்கும் லைட் என்ற ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை என்பதால், இந்தத் தேர்வு பொருளளவிலும் நிம்பிளுக்கு நெருக்கமானது.

காலுக்கும் விலங்குக்கும் வினையாகவே சொல்லிவிடுவது நல்லது. ‘துள்ளிப் பாய்ந்தது’, ‘சட்டென்று வளைந்து நழுவியது’ என்று எழுதினால் பெயரடை இல்லாத குறை தெரியாது. பெயரடையையே கட்டிப்பிடித்துக்கொண்டு ‘சுறுசுறுப்பான கால்களுடன்’ என்று எழுதுவது மொழிபெயர்ப்பு வாடையை வரவழைக்கும். அறிவுக்குச் சூட்டிகை என்ற அழகான சொல் இருக்கிறது, குழந்தைகளுக்கு அது மிகவும் பொருந்தும். பெரியவர்களுக்குக் கற்பூரப் புத்தி என்ற வழக்கு, நேமெல் என்பதன் பழம்பொருளைக்கூடத் தொட்டுவிடுகிறது. தீ காட்டியதும் பற்றிக்கொள்வதுதானே கற்பூரம்.

நிறுவனங்களைப் பற்றி வரும்போது விளக்கமாக விரிப்பதே நேர்மை. ‘சந்தை மாறினால் உடனே தன் போக்கை மாற்றிக்கொள்ளக்கூடிய சிறு நிறுவனம்’ என்பது நீளமாக இருந்தாலும் படிப்பவருக்கு எதுவும் தவறாது. விரைந்து சுழலும் ஆறு பென்ஸ் மெதுவாக வரும் ஷில்லிங்கைவிட மேல் என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. பழைய பிரிட்டிஷ் நாணய முறையில் ஒரு ஷில்லிங் 12 பென்ஸாக இருந்தது என்பதை நினைவில் கொண்டால், பாதிப் பணமானாலும் கைமாறிக்கொண்டே இருப்பது நல்லது என்ற வணிகக் கணக்கு விளங்கும். அதில் ஆறு பென்ஸ் நாணயத்துக்கு முன்னால் நிற்கும் சொல் நிம்பிள்தான். அங்கே லாவகமும் சூட்டிகையும் உதவாது. ‘கைமாறிக்கொண்டேயிருக்கும் காசு’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்து எடுக்கத்தக்க சொற்கள்

இதே முறையில் குவிக் என்ற எளிய சொல்லைத் தொடங்கிப் பாருங்கள். உயிருள்ள என்பதே அதன் பழம்பொருள். வடமொழியின் ஜீவ என்பதும் அதுவும் ஒரே வேர் என்பதால், நாம் கடன்பெற்று வழங்கும் ஜீவன் என்ற சொல்லோடு அது போய்ச் சேரும். டெஃப்ட் என்பது முதலில் சாந்தமான, பணிவான என்று பொருள்பட்டது. அதன் மாற்றுவடிவமாகிய டாஃப்ட் இன்று முட்டாள்தனத்தைக் குறிக்கிறது. ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து ஒன்று உயர்ந்து மற்றொன்று தாழ்ந்த கதை அது. லைத் என்பதும் மென்மையான என்ற பொருளில் தொடங்கி, வளையும் உடலுக்கு வந்து சேர்ந்தது.

லிம்பரில் மட்டும் தேடல் பாதியில் நின்றுவிடும். அது 16-ஆம் நூற்றாண்டில் தோன்றுகிறது, அவயவத்தைக் குறிக்கும் லிம்ப் என்பதிலிருந்து வந்ததா, வண்டியின் ஏர்க்காலைக் குறித்த வேறொரு சொல்லிலிருந்து வந்ததா என்று அகராதிகளே உறுதியாகச் சொல்வதில்லை. அந்தச் சொல்லுக்கான உங்கள் குறிப்பேட்டில் இரண்டு கருத்துகளையும் எழுதி, ‘பிறப்பு உறுதியில்லை’ என்று பக்கத்தில் குறித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.